மேல் வரிசை ஓட்டைகள்

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினேன். யாரோ எங்கோ தொழிற்சாலையில் செய்த உலக உருண்டையை மேசைமேல் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டியே என் காலம் ஓடியது. ஓய்வு பெற்றதும் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஓர் உலகத்தையாவது என் கையால் முழுசாகச் செய்துவிட வேண்டும், அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் ஆகட்டும் என்று.

அதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை, பொறுமை இருந்தால் போதும். காகிதக் கூழில் உருண்டை பிடித்து, மேலே பிளாஸ்டர் பூசி, வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். வரைபடத்தைச் சுளை சுளையாகக் காகிதத்தில் வரைந்து வெட்டி, பசையில் நனைத்து, ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் ஒட்ட வேண்டும். பிசகினால் ஒரு சுளையில் கிளம்பிய நதி அடுத்த சுளையில் காணாமல் போய்விடும். பிறகு வண்ணம். கடைசியில், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த வார்னிஷை மெல்லிசாகப் பல தடவை பூச வேண்டும். வார்னிஷில்தான் வினை ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரருக்கு இழுப்பு உண்டு. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, வயதான பிறகு கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டுவிட்டது. நான் சாப்பாட்டு மேசையில் வார்னிஷ் டப்பாவைத் திறந்தால் போதும், அவர் நெஞ்சு உள்ளே விசிலடிக்க ஆரம்பித்துவிடும். கேட்டால் பரவாயில்லை என்பார். அவருக்கு எல்லாமே பரவாயில்லைதான். சட்டை மாட்டுகிற ஆணியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போதுகூடப் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய மனிதர். கடைசியில் நெஞ்சு மருத்துவர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, வீட்டுக்குள் இந்த வாடை ஆகாதம்மா என்று சொன்னார். நான் அன்றைக்கே டப்பா, தூரிகை, பசைச்சட்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தோட்டத்துக் கோடியில் இருந்த மரக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கொட்டகை எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. ஒற்றைப் பலகைச் சுவர், தகரக் கூரை, கதவுக்கு அடியில் பூனை நுழைகிற இடைவெளி. வெயில் காலத்தில் உள்ளே உட்கார்ந்தால் நானே வெந்துபோவேன். மழைக்காலத்தில் சுவரிலிருந்து ஈரம் ஊறி வரும். அங்கே செய்த முதல் உருண்டை வெயிலில் சுளை சுளையாகப் பிரிந்து வாழைப்பழத் தோல் மாதிரி விரிந்துகொண்டது. இரண்டாவது மழையில் மாட்டியது. ஒரு மாதம் கழித்துத் துணியை விலக்கிப் பார்த்தால், நான் மஞ்சள் தீட்டிய பாலைவனமெல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்தது. பூசணம். உலகத்தில் எவனாலும் முடியாததை என் கொட்டகை சாதித்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு, அதைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மூன்றாவதைப் பெரிசாகவே பிடித்தேன், இரண்டு கையாலும் கட்டிக்கொள்கிற அளவுக்கு. அதைப் படுக்கையறையில் வைத்தே கூழ் காயவிட்டு, பிளாஸ்டர் வரைக்கும் கொண்டுவந்தேன். அதற்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அப்போது வீட்டில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஒன்று சொன்னேன். இதுவும் போனால் அவ்வளவுதான், பசைச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மற்ற பெண்களைப் போல நானும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன், நாலாவது என்று ஒன்று கிடையாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனசு ஒன்றைத் தாங்கும், இரண்டைத் தாங்கும், அதற்குப் பிறகு அதற்கும் வெட்கம் வந்துவிடுகிறது.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி உள்ளே புகுந்தான். அவன் குளிர் அறை கட்டுகிறவன். மீன், இறைச்சி, மருந்து எல்லாம் கெடாமல் வைக்கிற பெரிய பெரிய அறைகள். அடக்கம் என்பது அவனுக்கு என்னவென்றே தெரியாது. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உள்ளங்கையால் பலகையைத் தட்டிப் பார்த்து, இதை நான் ஓட்டல் அறையாக்கித் தருகிறேன் என்றான். சனி ஞாயிறு தோறும் வந்தான், சாப்பாடு மட்டும் நேரத்துக்குக் கேட்டான்.

அவனுடைய வாய் ஓயாது என்றாலும், கை சுத்தம். முதலில் கொட்டகையை நெம்பித் தூக்கி, தரையில் ஈரம் ஏறாதபடி அடியில் கற்களைக் கொடுத்தான். சுவருக்குள் சட்டம் அடித்து, வெயிலும் குளிரும் தாக்காதபடி அதில் கண்ணாடிக் கம்பளியை அடைத்தான். ஆனால் பலகையோடு ஒட்டவிடவில்லை, நடுவில் விரல் நுழைகிற இடம் விட்டான். மரம் மூச்சு விட வேண்டுமாம், அதன் நெஞ்சோடு ஒட்டிக் கம்பளியைக் கட்டினால் மூச்சு முட்டி அழுகிப் போகுமாம். கம்பளிக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் தாளை இழுத்து, ஒட்டுகிற இடத்திலெல்லாம் நாடா ஒட்டி, மேலே பிளைவுட் அடித்தான். கூரைக்கு அடியிலும் அதே கதை. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. கம்பளித் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று அத்தானைத் தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டான். அவர் சமையலறை ஜன்னலில் நின்று, தீர்ப்பு சொல்லப் போகிறவர் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து நான் அப்பாடா என்று நிமிர்ந்தபோது, தம்பி துளைக்கருவியை எடுத்து, அத்தனை பாடுபட்டு மூடிய சுவரில் ஓட்டை போட ஆரம்பித்தான். பின்பக்கச் சுவரில் தரையை ஒட்டி ஒரு வரிசை, வீட்டைப் பார்த்த சுவரில் கூரை இறக்கத்துக்கு அடியில் ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் குழாய்த் துண்டு செருகி, பூச்சி வராமல் கம்பி வலை வைத்தான். குளிரை உள்ளே விடாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறவன் பாதி வேலைதான் செய்கிறான் என்று எனக்குப் பாடம் எடுத்தான். நீ உள்ளே மூச்சு விடுவாய், பசை காயும், வார்னிஷ் காயும், அத்தனை ஈரமும் வாடையும் எங்கே போகும்? காற்று கீழே நுழைந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு மேலே வெளியே போகட்டும். சொல்லிவிட்டு ஒரு மெல்லிசுக் காகிதத்தைக் கிழித்து மேல் ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தான். அது ஓட்டைப் பக்கமாய்ச் சாய்ந்து படபடவென்று ஆடியது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. வெளியே மழை கொட்டும், உள்ளே நான் ஒரு சின்ன விளக்கை வைத்துக்கொண்டு கடலுக்கு நீலம் தீட்டுவேன். கம்பளி அடைத்த சுவர் மழைச் சத்தத்தைப் பாதியாக்கிக் கொடுக்கும். சுளைகள் ஒட்டினால் ஒட்டின இடத்திலேயே நின்றன. நதிகள் எல்லாம் போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. வார்னிஷில் முதல் இரண்டு பூச்சு கண்ணாடி மாதிரி காய்ந்தது. பூசிய மறுநாள் போனால் உள்ளே வாடையே இருக்காது. தம்பியின் வாயை இனி எத்தனை நேரம் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

நடுவில் சித்தி மகளுக்குக் காலில் அறுவை சிகிச்சை நடந்தது. கூட இருக்க ஆள் இல்லை என்று நான் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது குளிர் நன்றாக இறங்கியிருந்தது. வந்ததும் வராததுமாகக் கொட்டகைக்குப் போய் அடுத்த பூச்சு அடித்தேன். அரை மணிக்குள் தலை கனத்தது, கண் எரிந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் கதவைத் திறந்ததும் நேற்றைய வாடை அப்படியே முகத்தில் அடித்தது. பிளைவுட்டில் அடித்த ஆணிகளின் தலையெல்லாம் வேர்த்திருந்தது. மூலையில் விரலை வைத்தால் விரல் நனைந்தது. உருண்டைமேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். என் கடல்மேல் வெள்ளையாக ஒரு படலம்.

பாலைவனத்தில் பச்சை பூத்தது ஞாபகம் வந்தது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டுப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. துணியை மறுபடி போட்டு மூடிவிட்டு வீட்டுக்குள் வந்து, யாரையாவது நாலு வார்த்தை கேட்டால்தான் ஆறும் என்கிற நிலையில் தம்பிக்குப் போன் போட்டேன்.

"என்னடா கட்டி வெச்சிருக்கே? நான் என்ன ஐஸ்கிரீமா, உள்ள வெச்சுப் பூட்டறதுக்கு?"

அவன் என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் நான் மீன், இறைச்சி, மருந்து எல்லாவற்றையும் இழுத்துவிட்டேன். உயிருள்ள மனுஷிக்கு அறை கட்டத் தெரியாதவன் எதற்கு வாயைக் கொடுத்தாய் என்றேன். என் உலகம் வெளுத்துப் போய்விட்டது என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது. அவன் வழக்கத்துக்கு மாறாக எதிர்த்துப் பேசவில்லை. நான் கட்டிய அறையில் ஆணி வேர்த்ததாக இதுவரை ஒருத்தன் சொன்னதில்லை, நாளைக்கு வருகிறேன், எதையும் தொடாதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். தொழிலில் கைவைத்துவிட்டேன் என்று அவனுக்கு ரோஷம். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பேப்பரை இறக்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே தம்பி வந்தான். வாசலில் டீ கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. நேரே கொட்டகைக்குப் போனான். கதவைத் திறந்து மூக்கை உறிஞ்சினான், ஆணிகளைப் பார்த்தான், முகம் சுருங்கியது. பின்பக்கம் குனிந்து கீழ் வரிசை ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தான். எல்லாம் திறந்துதான் இருந்தன. மெல்லிசுக் காகிதத்தைக் கிழித்து அங்கே பிடித்தான், ஆடவில்லை. உள்ளே வந்து மேல் வரிசைக்குப் பக்கத்தில் பிடித்தான். அன்றைக்குப் படபடவென்று அடித்துக்கொண்ட காகிதம், இன்றைக்குச் செத்த பல்லி மாதிரி தொங்கியது. ஏணியைக் கொண்டு வரச் சொல்லி, வீட்டுப் பக்கத்துச் சுவரில் சாய்த்து ஏறினான். கூரை இறக்கத்துக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான்.

"அக்கா, ஏணியக் கெட்டியாப் பிடிச்சுக்க, விழுந்துடாத."

"மேல இருக்கிறது நீ. நான் எதுக்குடா விழணும்?"

"மேல் வரிசை முழுக்க அடைச்சிருக்கு."

அடைப்பது என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் சொந்தம். என் வீட்டுக்காரர் பல் மருத்துவர். இன்னமும் காலையில் கிளினிக்குக்குப் போய் நாலு பல்லைப் பார்த்துவிட்டு வருகிறார். ஓட்டையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. சுவரில் படம் கழற்றிய ஆணித் துளை, கதவில் பழைய பூட்டு இருந்த இடம், மேசைக் காலில் கரையான் போட்ட துவாரம், எல்லாவற்றையும் அடைத்து, தேய்த்து, நிறம் சேர்த்துவிடுவார். இரவல் வாங்கிய சல்லடையை இரண்டு நாளுக்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குப் பயம் என்று நானே சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

தம்பி மேலே இருந்தபடியே விரலால் தடவிப் பார்த்தான். குழாய்க்குள் தச்சர்கள் துளை அடைக்கிற மக்கைத் திணித்து, அமுக்கி, மட்டம் பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொட்டகைச் சுவருக்கு இருக்கிற அதே பழுப்பு நிறத்தைக் கலந்து அடித்திருக்கிறதாம். எந்தத் தச்சனும் இத்தனை சுத்தமாக அடைக்கமாட்டான், நாக்கால் தடவிப் பார்த்தால்கூட இடம் தெரியாது என்றான். கோபமெல்லாம் போய் அவன் குரலில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

நான் வீட்டைப் பார்த்துத் திரும்பினேன். அவர் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். நான்தான் அடைத்தேன் என்றார். நீ ஊருக்குப் போயிருந்தபோது ஏணி போட்டு ஏறினேன் என்றார். ஏன் என்று தம்பி கேட்டதற்கு, ஓட்டையாக இருந்தது, அடைத்தேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். தம்பிக்கு அடக்க முடியவில்லை. ஏணியில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தான், ஏணி ஆடியது, நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான், நல்லவேளை கொட்டகைக்குக் கதவை விட்டு வைத்தீர்கள், அதுவும் பெரிய ஓட்டைதான் என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே என் உலகம் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது.

வீட்டுக்காரர் வீட்டுக்குள் போய்ப் பழைய கருவிப் பெட்டியை எடுத்து வந்தார். தம்பியை இறங்கச் சொல்லி, தானே ஏறி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, சின்ன வளைந்த கொக்கிகளாலும் அரத்தாலும் தான் அடைத்ததைத் தானே நோண்டி எடுத்தார். மக்கு பொடிப் பொடியாகக் கீழே விழுந்தது. ஒவ்வொரு ஓட்டையும் திறந்ததும் உள்ளே இருந்த வாடை ஒரு கொத்து வெளியே வந்தது. மூக்கைத் திருப்பிக்கொண்டு மறுபடி வேலை பார்த்தார். கடைசி ஓட்டை திறந்ததும் தம்பி உள்ளே ஓடிக் காகிதத்தைப் பிடித்தான். அது லேசாகத் துடித்தது, பிறகு ஆட ஆரம்பித்தது. அதைப் பார்த்து எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது, ஆனால் முழுசாக இறங்கவில்லை.

கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு, சின்ன ஹீட்டரை மூலையில் வைத்தோம். மத்தியானத்துக்கு மேல் ஆணிகள் காய்ந்தன. அப்போதுதான் நான் துணியை எடுத்தேன். படலம் அப்படியேதான் இருந்தது, கடல் முழுக்க. பூசணமா என்று தம்பி மெதுவாகக் கேட்டான். தெரியவில்லை என்றேன். பூசணமாக இருந்தால் காகிதத்துக்குள் இறங்கியிருக்கும், துடைத்தாலும் போகாது, அதோடு முடிந்தது. ஒரு துணித் துணுக்கில் துளி ஸ்பிரிட்டை நனைத்துப் பிழிந்தேன். கரையிலிருந்து தள்ளி, ஒன்றும் இல்லாத நடுக்கடலில், கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை இழுத்தேன். கண்ணைத் திறந்து பார்க்கிறேன், துணி போன வழியெல்லாம் நீலம். நான் தீட்டிய அதே நீலம், துளிகூடக் குறையாமல்.

வார்னிஷ்தான் வேர்த்துப் போயிருந்தது. ஈரக் காற்றில் அரக்கு காய்ந்தால் அப்படி வெளுத்துவிடும் என்று எங்கோ படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பயத்தில் படித்ததெல்லாம் மறந்திருந்தது. அடியில் காகிதம் இறுகி, ஒரு சுளைகூட உயரவில்லை. விரல் முட்டியால் தட்டினேன், கெட்டியாகச் சத்தம் கேட்டது. நான் பெரிசாக மூச்சு விட்டேன் போலிருக்கிறது, தம்பி என் தோளைத் தட்டினான். அவனிடம் போனில் சொன்னதற்கெல்லாம் சேர்த்து, காலையில் வாங்கிக்கொள்ளாத டீயைச் சூடாகப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு தடவை வாங்கிக் குடித்தான். போகும்போது அத்தானிடம், இனிமேல் அக்கா ஊருக்குப் போனால் உங்களையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவன் போன பிறகு சாயங்காலம் நான் கொட்டகையைப் பெருக்கினேன். பின்பக்கம் கீழ் வரிசை ஓட்டைகளைச் சுற்றிச் சருகு சேர்ந்திருந்தது. குனிந்து அதை அள்ளும்போதுதான் எனக்கு உறைத்தது. ஏணி போட்டு ஏறி, மூச்சு வாங்க, கூரைக்கு அடியில் கழுத்தை ஒடித்துக்கொண்டு மேல் வரிசையை அடைத்த மனிதர், தரையிலேயே உட்கார்ந்து அடைக்கக்கூடிய கீழ் வரிசையை ஏன் விட்டார்? எலி நுழைகிற மட்டத்தில் இருக்கிற ஓட்டைகள் இவை. கை அரிப்பு என்றால் முதலில் இங்கேதான் அரித்திருக்க வேண்டும். அதோடு, கதவு, மேசைக்கால் என்று எதை அடைத்தாலும் செய்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. இதை மட்டும் காட்டவில்லை.

துடைப்பத்தைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனேன். அவர் படுக்கையறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி சாத்தியிருந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே, தோட்டத்துக்கு அந்தப் பக்கம், கொட்டகையின் மேல் வரிசை ஓட்டைகள் தெரிந்தன.

கீழ் வரிசையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அது பரவாயில்லை என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை பரவாயில்லையை நான் விடுவதாக இல்லை. கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் கையில் இருந்த சட்டையை இரண்டாகவும் நாலாகவும் மடித்தார், இன்னும் மடிக்க இடமில்லாமல் போனதும் சொன்னார்.

"நீ வார்னிஷ் அடிக்கிற அன்னைக்கெல்லாம் வாடை நேரா இங்க வருது. எனக்கு இருமல் வரும். நான் இருமறது கேட்டா நீ எல்லாத்தையும் மூடிடுவே."

நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எதற்கு அடைத்தீர்கள் என்றேன். இருந்தால் ஏணியைப் பார்த்து ஏன் என்று கேட்பாய், சொன்னால் நிறுத்திவிடுவாய் என்றார். இத்தனை நாளும் இருமல் வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு இருமுவாராம். துணியை வாயில் வைத்துக்கொள்வாராம். நான் தண்ணீர் வீணாகிறது என்று கதவைத் தட்டியிருக்கிறேன்.

"வீட்டுக்குள்ள நிறுத்தினப்ப ஒரு வார்த்தை சொல்லாம மூட்டை கட்டினே. அதை இன்னொரு தரம் பார்க்க என்னால ஆகாது. உன் உருண்டைய நானே கெடுக்கப் பார்த்தேன்னு நேத்து நீ போன்ல கத்தினப்பதான் தெரிஞ்சுது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை பெரிய மனிதர், எத்தனை படித்தவர், நெஞ்சில் இழுப்பை வைத்துக்கொண்டு வாயில் துணியை அடைத்துக்கொண்டு நிற்கிறார், அதுவும் யாருக்காக, ஓர் உருண்டைக்காக. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகை வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டேன்.

"ஓட்டைய வேற சுவத்துல போட்டுக்கலாம். தம்பிக்கு அது ஒரு நாள் வேலை. உங்களுக்கு வேற நெஞ்சை நான் எங்க போய் வாங்கறது? இருமல் வந்தா என் காதுல விழற மாதிரி இருமுங்க."

சரி என்றார். அப்படியும் ஏதோ ஒன்றை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், தோள் லேசாகக் குலுங்கியது. காலையில் ஏணியில் நின்று அந்த வாடையை எல்லாம் அவர்தானே முதலில் வாங்கினார். இருமுங்க என்று மறுபடி சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து இருமினார். ஒரு தடவையில் நிற்கவில்லை, நாள்பட்டது எல்லாம் சேர்ந்து வந்தது. வீடு முழுக்கக் கேட்டிருக்கும். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன், அந்தச் சத்தம் எனக்கு அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது.